எழும்பாதே, சமித்

விசிலை ஊதியவன் நான்தான், ஈரப் பிளாஸ்டிக்கின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது, ஆனால் யாருக்கு எதிராக ஊதினேன் என்பதை இன்னும் முடிவுசெய்யவில்லை, அது ஒருவருக்கும் தெரியக் கூடாது, அதனால் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, நேரத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, எல்லாம் தெரிந்தவனைப் போல நடக்கிறேன், ஓடக் கூடாது, மத்தியஸ்தர் ஓடினால் பதறிவிட்டான் என்பார்கள், புல்லில் தண்ணீர் நிற்கிறது, காலையிலிருந்து கண்டியில் இந்தத் தூறல், ஒழுங்காகப் பெய்யவும் மாட்டாது விடவும் மாட்டாது, சமித் மல்லாந்து கிடக்கிறான், ஒரு கால் மடங்கி மற்றக் காலுக்கு அடியில், சப்பாத்தின் குமிழ்களில் புல் ஒட்டியிருக்கிறது, அந்தப் புல்லைத்தான் முதலில் பார்த்தேன், முகத்தை இல்லை. சரி, மாசிலாமணி, என்ன நடந்தது, ஒழுங்காகச் சொல்லு. துறைமுகக் கழகம் ரக்பிப் பந்தை உயர உதைத்தது. இந்த ஊர் மலைநகர்க் கழகத்தின் கடைசிக் காவல்காரன் இந்தச் சமித், பந்தை அண்ணாந்து பார்த்தபடி ஓடிவந்து அதைப் பிடிக்க எகிறினான், நல்ல எகிறல், முழங்கால் முன்னே, கைகள் இரண்டும் விரிந்து, அந்தரத்தில் ஒரு கணம் தங்கினது போல. எதிரே துறைமுகத்தின் பதினான்காம் இலக்கம், கஜேந்திரன், அவனும் அண்ணாந்துதான் வந்தான், அவனும் எகிறத்தான் வந்தான், கடைசி அடியை ஊன்றும்போது குறுக்கே வந்த மலைநகர்த் தலைவன் புத்திக, பன்னிரண்டாம் இலக்கம், கஜேந்திரனின் இடுப்பில் கை வைத்தான். தள்ளு என்று சொல்ல முடியாத தள்ளு. கதவைத் திறப்பது போல ஒரு சின்ன அழுத்தம். கஜேந்திரனின் கால் வழுக்கியது, எகிற முடியவில்லை, அவன் தோள் போய் சமித்தின் முழங்காலுக்குக் கீழே நுழைந்தது, சமித் அந்தரத்தில் தலைகீழாகப் புரண்டு விழுந்தான். லொறியிலிருந்து ஈரச் சாக்கை உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். இவ்வளவுதான். இதை நான் பார்த்தேன். கையைப் பார்த்தேன், இடுப்பைப் பார்த்தேன், யாரும் மறைக்கவில்லை.

பார்த்தேன் என்றால் சொல்ல வேண்டியதுதானே. சொந்த அணித் தலைவனே தள்ளிவிட்டதில் சொந்த ஆளே விழுந்தான், தவறு புத்திகவினுடையது, பெனால்டி துறைமுகத்துக்கு. வாயைத் திறந்து இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் பார்வையாளர் மேடையில் இருக்கிற ஆயிரக்கணக்கான பேரும் பார்த்தது இடுப்பில் வைத்த கையை அல்ல, அவர்கள் பந்தைப் பார்த்தார்கள், பிறகு சமித்தின் கால்கள் ஆகாயத்தில் இருப்பதைப் பார்த்தார்கள், அதற்குக் கீழே ஒரு கறுத்த பொடியன் நிற்பதைப் பார்த்தார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது, அதுவே போதும் அவர்களுக்கு. ஊ என்று ஒரு சத்தம் எழும்பி, அடங்காமல், அப்படியே நின்றுகொண்டிருக்கிறது, மழைக்கு மேல் இன்னொரு கூரை போல. கூரைக்கு அடியில் நான். கழகத்து டாக்டரம்மா மழைச்சட்டையோடு ஓடிவந்து முழங்காலில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளாலும் சமித்தின் தலையைப் பிடிக்கிறாள், அசைக்காதீர்கள், அசைக்காதீர்கள் என்கிறாள், ஒருவரும் அசைக்கவில்லை. கண்கள் மூடியிருக்கின்றன. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, தூறல் உள்ளே விழுகிறது, அதை யாராவது துடைக்கலாம்.

"சேர்." கஜேந்திரன் பக்கத்தில் நிற்கிறான். எப்போது வந்தான். "சேர், நான் பந்தத்தான் பாத்தேன் சேர். சத்தியமா. பின்னாலேருந்து யாரோ தள்ளிட்டாங்க சேர், இல்லாட்டி நானும் எம்பியிருப்பேன்." தமிழில் சொல்கிறான். அட்டன் பக்கத்துத் தமிழ், தேயிலைத் தோட்டத்து லயத்துத் தமிழ், வெட்கமில்லாமல் எல்லோர் காதிலும் விழும்படி என்னைத் தமிழில் கூப்பிடுகிறான், முட்டாள், உனக்கு யார் சொன்னது என்னிடம் தமிழில் பேசலாம் என்று, ஆட்டம் தொடங்குவதற்கு முன் சப்பாத்துகளைப் பரிசோதித்தபோது உன்னைப் பார்த்துச் சிரித்தேனே, அதனாலா, அது எல்லோருக்கும் சிரிக்கிற சிரிப்பு. அம்மா பஸ்ஸில் என் மணிக்கட்டைப் பிடித்து நெரிப்பாள், நான் சின்னவன், ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டி அம்மா அங்கே பாருங்கோ என்று தமிழில் கத்துவேன், நகம் இறங்கும், கதைக்காதே, வீட்டுக்குப் போய்க் கதைக்கலாம், இப்போது வாயை மூடு. வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் தடவிவிடுவாள், நகம் பட்ட இடத்தில். "பதினான்கு, தள்ளி நில்," என்றேன் ஆங்கிலத்தில். "உன் அணித் தலைவன் மட்டும் என்னோடு பேசலாம்." அவனுக்கு விளங்கியது, ஆங்கிலம் விளங்கியதோ இல்லையோ மற்றது விளங்கியது, கண் இமைக்காமல் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனான், போன பிறகும் கையை இடுப்பில், தள்ளுப்பட்ட அந்த இடத்தில், வைத்துக்கொண்டே நிற்கிறான், எனக்குக் காட்டுகிறானா, எடுடா கையை.

கொழும்பில் மத்தியஸ்தர்களுக்கு வகுப்பெடுத்த வெள்ளைக்காரர் படம் போட்டுப் போட்டுக் காட்டினார், அந்தரத்தில் இருப்பவன் தன்னைக் காப்பாற்ற முடியாதவன், அவனுடைய உடம்பு உங்கள் பொறுப்பு. முதலில் கேளுங்கள், இருவருக்குமே பந்து எட்டக்கூடியதாக இருந்ததா, இருந்தால் அது நியாயமான போட்டி, ஒருவன் எப்படி விழுந்தாலும் ஆட்டம் தொடரலாம். இல்லையென்றால் அடுத்த கேள்வி, எப்படி விழுந்தான். காலில் விழுந்தால் வெறும் பெனால்டி, முதுகில் விழுந்தால் மஞ்சள் அட்டை, தலையில் கழுத்தில் விழுந்தால் சிவப்பு. எல்லோரும் தலையாட்டினோம், பிஸ்கட் கொடுத்தார்கள், நான் ஒருவன் மட்டும் கை தூக்கி, அப்படியென்றால் ஒரே தவறுக்கு விழுந்தவனுடைய அதிர்ஷ்டத்தைப் பார்த்துத் தண்டனையா என்று கேட்டேன், அவர் சிரித்தார், நல்ல கேள்வி என்றார், அடுத்த படத்தைப் போட்டார். அது நல்ல கேள்வி என்று அன்றைக்கு எவ்வளவு பெருமைப்பட்டேன். இப்போது அதே விதி எனக்கு எவ்வளவு வசதி. புத்திகவின் கையை மறந்துவிடு, கையே இல்லை, எகிறாத ஒருவன் எகிறினவனின் காலுக்குக் கீழே போனான், பந்து அவனுக்கு எட்டவில்லை, அதுவும் உண்மைதான், எட்டவிடாமல் செய்தது யார் என்று விதி கேட்கவில்லை, கேட்கிறது, நான்தான் கேட்க மாட்டேன். அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றே, எப்படி விழுந்தான். கழுத்தில் விழுந்தானா. அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. விழும்போது நான் புத்திகவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடையில், குடைகளுக்கு நடுவில், ரணவீர. மத்தியஸ்தர்களைத் தேர்ந்தெடுக்கிற ரணவீர, இறுதி ஆட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க வந்திருக்கிறார், வருகிறேன் என்று அவரே நேற்றுத் தொலைபேசியில் சொன்னார், நன்றாகச் செய்யுங்கள் மாசிலா, எல்லோருடைய கண்ணும் உங்களில் இருக்கும். எந்தக் கண். போன பருவத்தில் ஒரு ஆட்டம், கடைசி நேரத்தில் ஒரு ட்ரை கொடுத்தேன், விழுந்து பந்தை வைத்தவன் யாழ்ப்பாணத்துப் பொடியன், பந்து கோட்டுக்கு அப்பால் தரையைத் தொட்டது, ஐயமே இல்லை, கொடுத்தேன். ஆட்டம் முடிந்து கழிப்பறைக்குள் இருக்கிறேன், கதவுக்கு வெளியே இரண்டு பேர் கை கழுவிக்கொண்டு சிங்களத்தில், தமிழன் தமிழனுக்குக் கொடுத்துவிட்டான், வேறென்ன. கோபமே இல்லாத குரல். மழை வரும்போலிருக்கிறது என்பது போல. அவர்கள் போகும்வரை உள்ளேயே இருந்தேன், மூக்கைப் பொத்திக்கொண்டு, அதன் பிறகும் இருந்தேன். இதுவரைக்கும் எந்தத் தமிழ்ப் பெயரும் அந்த இறுதி ஆட்டத்தில் விசில் பிடித்ததில்லை, என் பெயரை ஒலிபெருக்கியில் ஒருவன் திக்கித் திக்கி வாசிக்க வேண்டும், மா-சி-லா-ம-ணி, அதை நான் கேட்க வேண்டும். இந்தக் கஜேந்திரன் என்ன வேண்டுமென்றாலும் ஆகட்டும். நாட்டு அணியின் பயிற்சி முகாம் அடுத்த கிழமையாம், இவனுக்கும் அழைப்பு வந்திருக்கிறதாம், பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள், தோட்டத்திலிருந்து ஒரு புயல் என்று. புயல். சிவப்பு அட்டை வாங்கினவன் விசாரணை முடியும்வரை முகாமுக்குள் கால் வைக்க முடியாது. வேறு வருசம் வரட்டும். இளம் பிள்ளைதானே. இப்படித்தான் எனக்கும் சொன்னார்கள், உயரம் காணாது தம்பி, வேறு வருசம் பார்ப்போம், வேறு வருசம் என்று ஒன்று வரவேயில்லை, எனக்கு விசில்தான் வந்தது.

புத்திக வருகிறான். பணிவாக வருகிறான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலைவன் பேசலாம், விதி இருக்கிறது. "சேர், பாருங்கள், பிள்ளை அசையவேயில்லை. கழுத்து முறிந்திருக்கும் சேர். அது சிவப்புத்தான், இல்லையா?" நல்ல ஆங்கிலம், நல்ல பள்ளிக்கூடத்து ஆங்கிலம், குரலில் கவலை, கவலை பொய்யில்லை, சமித் அவனுடைய சிநேகிதன், கண்ணில் தண்ணீர் கூட இருக்கிறது, மழையோ என்னவோ. அவன் என் கண்ணைப் பார்க்கிறான். நான் அவன் கண்ணைப் பார்க்கிறேன். நான் கண்டதை அவன் கண்டுகொண்டான், நான் சொல்ல மாட்டேன் என்பதையும் கண்டுகொண்டான், இரண்டும் ஒரே நொடியில், கலியாணப் பேச்சில் இரண்டு வீட்டாரும் ஒத்துப்போவது போல ஏதோ ஒன்று எங்களுக்குள் முடிந்தது. "முடிவெடுப்பது என் வேலை," என்றேன், கடுமையாக. "நிச்சயமாக, சேர்," என்றான், தலை குனிந்து.

நவ்ஷாத் கொடியோடு கோட்டிலிருந்து ஓடிவருகிறான், வராதே, நான் கூப்பிடவில்லையே. என்னுடைய கோட்டு நடுவர், நல்லவன், மாவனல்லையில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறான், நான் கற்றுக்கொடுத்தவன், என்னை நம்புகிறவன். மூச்சு வாங்க, காதோடு காதாக, தமிழில், "சேர், பன்னிரண்டாம் நம்பர் தள்ளின. நான் கண்ட."

"என்ன கண்டாய்?"

"கை வெச்ச சேர். பதினாலுட இடுப்பில."

"கை வைத்தானா, தள்ளினானா?"

"வெச்ச... தள்ளின மாதிரித்தான்."

"மாதிரியா? ஒரு மனிசன் கழுத்து முறிஞ்சு கிடக்கிறான், நீ மாதிரி என்கிறாய். உன்னுடைய இடத்திலிருந்து எத்தனை பேர் குறுக்கே நின்றார்கள்? நாளைக்கு விசாரணையில் உன்னைக் கேட்பார்கள், நவ்ஷாத், என்னையல்ல. இந்த ஊரில், இந்தக் கழகத்துத் தலைவன்தான் தள்ளினான் என்று எழுதி ஒப்பம் வைப்பாயா? நிச்சயமா?"

மேடையைப் பார்த்தான். நான் பார்க்கச் சொல்லவில்லை, அவனாகவே பார்த்தான். நனைந்த தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடை, பிள்ளைகள், திரும்பிப் போகும் பாதை, எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாகப் போனதைப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த பாதைதான். "நிச்சயமில்ல, சேர்." "பிறகென்ன. போ." போனான், கொடி காலில் தட்டத் தட்ட. எவ்வளவு சுகமாக இருக்கிறது, இன்னொருவன் பயப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, சட்டென்று உடம்பில் சூடு ஏறுகிறது, நான் பயப்படாதவன் போல ஆகிவிடுகிறேன்.

இனிச் சமித் மட்டும்தான். சமித் கழுத்து முறிந்து கிடந்தால் எல்லாம் சரி, யாரும் எதையும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள், முறிந்த கழுத்துக்கு முன்னால் இடுப்பில் பட்ட கையைப் பற்றி எவன் பேசுவான், பேசினால் மனிதத்தன்மை இல்லாதவன் என்பார்கள். நான் முறிந்துதான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முறிந்திருந்தால் என்றுதான் சொல்கிறேன். தள்ளுவண்டியை இன்னும் காணவில்லை, ஆம்புலன்ஸ் வாசலில் யாரோ காரை நிறுத்தியிருக்கிறானாம், ஒலிபெருக்கியில் இலக்கம் வாசிக்கிறார்கள். டாக்டரம்மா குனிந்து சமித்தின் காதில், சமித் புத்தா, மகனே, கேட்கிறதா, என் விரலைப் பிடி, பிடி பார்ப்போம். நான் அந்தக் கையைப் பார்க்கிறேன். வெள்ளை வெளேரென்று, மணிக்கட்டில் பிரித் நூல், விகாரையில் யாரோ ஓதிக் கட்டிவிட்டது, நனைந்து கறுத்திருக்கிறது. அசையாதே. அசையவில்லை. இன்னும் கொஞ்சம். நான் இதை நினைக்கிறேனா, இது நானா, ஞாயிற்றுக்கிழமைகளில் முன் வரிசையில் முழங்காலில் நிற்கிற நானா, ஆமாம் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள் இங்கே. சுண்டுவிரல். சுண்டுவிரல் அசைந்தது. இல்லை, மழைத்துளி. இல்லை, அசைந்தது, இப்போது மோதிர விரலும், டாக்டரம்மாவின் விரலைச் சுற்றி மெல்ல மூடுகிறது, பிறந்த குழந்தை பிடிப்பது போல, கண்ணிமை துடிக்கிறது, முனகுகிறான், எழும்பாதே, சமித், எழும்பாதே, ஒரு நிமிடம் படு, எனக்காகப் படு, இவன் இப்போது உட்கார்ந்துவிட்டால் தோளில்தான் விழுந்தான் என்றாகிவிடும், மஞ்சள்தான் என்றாகிவிடும், பிறகு யோசிக்க நேரம் வந்துவிடும் எல்லோருக்கும், யாராவது கைத்தொலைபேசியில் எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பான், கையைப் பார்ப்பான்.

"பதினான்கு!" ஓடியே போனேன், ஓடக் கூடாது என்பதை மறந்து. கஜேந்திரன் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராக நின்றான், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் நிற்பது போல. மார்புப் பையில் விரல் நுழையவில்லை, துணி ஈரத்தில் ஒட்டிக்கொண்டது, இழுத்தேன், மஞ்சளும் கூடவே வந்தது, மஞ்சளை உள்ளே திணித்துவிட்டுச் சிவப்பை உயர்த்தினேன். அந்தக் கூரை இடிந்து விழுந்தது, அப்படி ஒரு சத்தம், ஆரவாரம், தாரை, தப்பட்டை, யாரோ பட்டாசு கூடக் கொளுத்தினான். அவன் அட்டையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான். "சேர்," என்றான். திரும்பி நடந்தான். துறைமுக அணிக்காரன் ஒருவன் தோளில் கை போட வந்தான், அதைத் தட்டிவிட்டான். மேடைக்கு அடியால் போகும்போது மேலேயிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தல் வந்து முதுகில் பட்டது, நின்றான், குனிந்து அதை எடுத்தான், எறியப்போகிறான் என்று நினைத்தேன், எறி, எறிந்தால் என் வேலை இன்னும் சுலபம், அவன் அதைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனான்.

எனக்குப் பின்னால் கைதட்டல். திரும்பினேன். சமித் உட்கார்ந்திருக்கிறான். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறான், தோளைத் தடவுகிறான், தண்ணீர் கேட்கிறான், யாரோ சொன்ன பகிடிக்குச் சிரிக்கக்கூடச் செய்கிறான். டாக்டரம்மா அவனை வெளியே கூட்டிக்கொண்டு போகிறாள், தலையில் அடிபட்டால் போகத்தான் வேண்டும். என்னைத் தாண்டும்போது நின்றான். சின்ன முகம், கிட்டப் பார்த்தால் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. சிங்களத்தில், மெதுவாக, "சேர், அவன் மேல் பிழையில்லை. புத்திக அண்ணாவின் கை பட்டது, நான் மேலேயிருந்து கண்டேன். சிவப்பு ஏன் சேர்?" மேலேயிருந்து. மேலே இருந்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இவனுக்காகத்தானே இவ்வளவும், நன்றி கெட்டவன், நீ கிடந்த கிடை என்ன, நான் பட்ட பாடு என்ன. "உனக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது," என்றேன் சிங்களத்தில், சுத்தமான கண்டிச் சிங்களத்தில், அன்பாக, டாக்டரம்மாவுக்கும் கேட்கும்படி. "நீ சொல்வது உனக்கே விளங்காது. போய்ப் படு." டாக்டரம்மா ஆமாம் ஆமாம் என்று அவனை அணைத்துக்கொண்டு போனாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவன் இனி என்ன சொன்னாலும் அடிபட்ட தலை சொல்வதுதான். ரணவீர குடைக்குக் கீழே பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லி என் பக்கம் கை காட்டினார், பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. ஓடுகிறேன், கால்கள் இலேசாக இருக்கின்றன, இறுதி ஆட்டத்தில் மழை இருக்காது, மைதானம் காய்ந்திருக்கும், புதுச் சப்பாத்து வாங்க வேண்டும். மலைநகர் பந்தை உயர உதைத்தது. ஒரு ஆள் குறைந்த துறைமுகத்தில் அந்த ஓரத்தைக் காக்க யாருமில்லை, நடுவிலிருந்து ஒரு தடித்த பொடியன், பந்தை அந்தரத்தில் பிடித்துப் பழக்கமே இல்லாதவன், மூச்சிரைக்க ஓடிவந்து தன்னால் முடிந்தமட்டும் எகிறினான். எதிரே புத்திக. பந்தைப் பார்க்கவேயில்லை, தலையை உயர்த்தவேயில்லை, எகிறவில்லை, நேராக அவன் காலடிக்குள் போனான், எனக்கு முன்னால், நான் கையை நீட்டினால் இருவரையும் தொடலாம். தடித்தவன் புரண்டான். முதுகு புல்லில் அறைந்தது, முகத்தில் சேறு தெறித்தது எனக்கும். விசில் பற்களுக்கு நடுவில் இருந்தது. மேடை அமைதியாகிவிட்டது, நவ்ஷாத் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான், நான் விழுந்தவனையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவன் கழுத்தை, தோளை, எந்தப் பக்கமாகக் கிடக்கிறான் என்பதை. அவன் புரண்டு, கைகளை ஊன்றி, இருமி, புல்லைத் துப்பி, எழும்பினான். நான் இன்னும் அவனையே பார்ப்பதைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது, தன்னைத்தான் அனுப்பப்போகிறேன் என்று நினைத்துவிட்டான், அவசரமாக இரண்டு கைகளையும் மார்புக்கு முன் விரித்துக் காட்டி, "சொறி சேர்," என்றான், "சொறி, கால் வழுக்கிட்டுது."

"பரவாயில்லை," என்றேன். "ஓடு."